பதினாலு ஸ்தலம்: எருசலேமின் அசலும் நகலும்

2019 பிப்ரவரியில் எங்க பெரியம்மா எருசலேமுக்குப் போய்ட்டு வந்தாங்க. நிலக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். வாழ்நாள் முழுக்க மல்லிகைத் தோட்டமும் பூ மார்க்கெட்டும்தான். விடியக்காலம் மூணு மணிக்கு டார்ச் லைட்டோட தோட்டத்துக்குப் போய், மொட்டாப் பறிச்சு, விடிஞ்சதும் நிலக்கோட்டை கமிஷன் கடையில் எடை போடுற வேலை. சீட்டு கட்டிச் சேர்த்த காசு, ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதை எடுத்துப் பத்து நாள் பயணத்துக்குக் கட்டினாங்க.

வீட்டில் சண்டை. "அந்தக் காசுல முன்பக்கம் கான்கிரீட் போட்டுடலாம்மா" என்றான் அண்ணன். என்னிடம் ஆதரவு கேட்டான். நான் சாஃப்ட்வேர் ஆள், கணக்குப் போட்டுத்தான் பேசுவேன். அதோடு இந்த வரலாற்றுக் கிறுக்கு வேறு. பெரியம்மாவிடம் போய், கடவுள் எங்கேயும் இருக்கார், அதையெல்லாம் யூட்யூபிலேயே பார்க்கலாம் என்று இழுத்தேன்.

"நீ அமெரிக்கா போயிருந்தியே தம்பி, அத யூட்யூப்ல பாத்துருக்கக் கூடாதா?"

அதோடு என் வாதம் முடிந்தது. ஆனால் கேள்வி முடியவில்லை. ஒரு இடத்துக்கு நேரில் போவதில் அப்படி என்ன இருக்கிறது? போக முடியாத கோடிக்கணக்கான பேர் இத்தனை நூற்றாண்டாக என்ன செய்தார்கள்? இதைத் தோண்டப் போய் நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்து நின்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போகலாமா, வேண்டாமா: 1,600 வருடச் சண்டை

எங்க வீட்டில் நடந்த வாதம் புதுசு இல்லை. நான்காம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது.

கிறிஸ்தவத்தில் எருசலேம் பயணம் கடமை இல்லை. வசதி உள்ள முஸ்லிமுக்கு ஹஜ் மாதிரி ஒரு விதி இங்கே கிடையாது. ஆனாலும் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்து ஆட்கள் போக ஆரம்பித்துவிட்டார்கள். கி.பி. 333-இல் இன்றைய பிரான்சின் போர்தோ நகரிலிருந்து ஒருவர் போய் வந்து, வழியில் தங்கிய ஊர்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தையும் எழுதி வைத்தார். அடுத்து 380-களில் எகேரியா என்ற பெண் போய், அங்கே பார்த்த வழிபாடுகளைத் தன் தோழிகளுக்கு நீளமாக எழுதினார்.

அப்போதே எதிர்ப்பும் கிளம்பியது. நிசா நகர ஆயர் கிரகோரியார் தானே எருசலேம் போய் வந்தவர். வந்த பிறகு எழுதிய கடிதத்தில், அந்த இடங்களைப் பார்த்ததால் தன் விசுவாசம் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்ற கருத்தைச் சொல்கிறார். பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் இன்னும் சுவாரசியம். எருசலேமிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் மோட்சத்துக்கு ஒரே தூரம்தான் என்ற பொருளில் ஒரு நண்பருக்கு எழுதினார். எழுதியது எங்கே இருந்து? பெத்லகேமிலிருந்து! 386-இல் அங்கே குடியேறியவர், 420-இல் அங்கேயே செத்துப்போனார். ஊருக்கு உபதேசம் என்றால் இதுதான்.

அதே ஜெரோம் 403 வாக்கில் எழுதிய இன்னொரு கடிதத்தில் இந்தியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் துறவிகள் கூட்டம் கூட்டமாக வருவதாகச் சொல்கிறார். இதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். 1,600 வருடத்துக்கு முன்னாடியே நம்ம ஆட்களா? ஆனால் அவசரப்படக் கூடாது. அந்தக் கால ரோமானியர் 'இந்தியா' என்ற சொல்லை எத்தியோப்பியாவுக்கும் தென் அரேபியாவுக்கும் சேர்த்தே தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஆகவே இந்த ஒரு வரியை வைத்து, தமிழன் அன்றே பெத்லகேமில் இருந்தான் என்று வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

போக முடியாதவர்கள் கட்டிய எருசலேம்

நம்ம ஊர்க்காரர் எருசலேம் போவது நெடுங்காலம் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-இல்தான். யாப்பா துறைமுகத்திலிருந்து எருசலேமுக்கு ரயில் ஓடியது 1892-இல். 1948-க்குப் பிறகு நகரமே இரண்டாகப் பிரிந்தது. பழைய நகரமும் பெத்லகேமும் ஜோர்டான் கையில், மேற்குப் பகுதி இஸ்ரேல் கையில். 1967 போர் வரை இந்த நிலைதான். போப் ஆறாம் பவுல் 1964 ஜனவரியில் அங்கே போனபோதுகூட எல்லை தாண்டித்தான் இரு பக்கமும் போக வேண்டியிருந்தது. (அதே ஆண்டு டிசம்பரில் அவர் பம்பாய்க்கு வந்தார்.) இந்தியா இஸ்ரேலை 1950-இல் அங்கீகரித்தாலும், முழுத் தூதரக உறவு ஏற்பட்டது 1992 ஜனவரி 29-இல்தான்.

அப்படியானால் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? எருசலேமை இங்கே கொண்டுவந்தார்கள்.

தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1707-இல் கட்டிய முதல் கோயிலுக்கு வைத்த பெயர் எருசலேம் ஆலயம். அது இன்று இல்லை. 1718-இல் எழுந்த புது எருசலேம் ஆலயம் இன்றும் அரச வீதியில் நிற்கிறது. அடுத்த வருடமே இறந்த சீகன்பால்கின் கல்லறையும் அதற்குள்தான். பக்கத்து ஊரான பொறையாரில் இருப்பது பெத்லகேம் ஆலயம். டெல்டாவில் எருசலேமிலிருந்து பெத்லகேமுக்கு ஒரு நடை தூரம்தான்.

வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1726-இல் முடித்த தேம்பாவணியில், சூசையப்பரை வளன் என்ற காப்பியத் தலைவனாக்கி 3,615 பாடல் பாடினார். முதல் படலம் நாட்டுப் படலம். சொல்லப்படும் நாடு யூதேயா, ஆனால் நீங்கள் பார்ப்பது காவிரிக் கரை. மேகம் கடலில் நீர் குடித்து மலையில் பொழிகிறது, வெள்ளம் வருகிறது, நெல் விளைகிறது, தாமரை பூக்கிறது. அடுத்து வரும் நகரப் படலத்தில் எருசலேமே தமிழ்க் காப்பிய நகரமாகிறது. நிஜ யூதேயா பாதி பாலைவனம் என்பது பைபிள் படித்த இத்தாலியப் பாதிரியாருக்குத் தெரியாமலா இருக்கும்? தமிழில் காப்பியம் என்றால் நாடு இப்படித்தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1800-இல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குற்றாலக் குறத்தி குறி சொன்ன அதே இலக்கிய வகையில் பெத்லகேம் வந்துவிட்டது. மேடையில் பாடினால் போதும், பயணச் செலவு மிச்சம்.

இதெல்லாம் படித்தவர்கள் செய்தது. சாதாரண ஜனங்களுக்கு இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று பாஸ்கு. இயேசுவின் பாடுகளை ஊரே கூடி நடத்திப் பார்ப்பது. திண்டுக்கல் மேட்டுப்பட்டிப் பாஸ்கு எங்க பக்கம் பிரசித்தம். இன்னொன்று சிலுவைப்பாதை.

பதினாலு ஸ்தலம்

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்னதிலிருந்து அடக்கம் பண்ணியது வரை 14 காட்சிகள். கோயில் சுவரில் பக்கத்துக்கு ஏழாக மாட்டியிருக்கும். தவக்காலம் நாற்பது நாளும் வருகிற வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் ஒவ்வொரு காட்சியின் முன்னும் நின்று, மண்டியிட்டு, செபம் சொல்லி நகர வேண்டும். இப்போது புத்தகங்களில் 'நிலை' என்று அச்சடிக்கிறார்கள். எங்க ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்றும் 'ஸ்தலம்'தான். முதலாம் ஸ்தலம், இரண்டாம் ஸ்தலம்.

லத்தீனில் இதற்கு உள்ள சொல்லுக்கு நின்று போகும் இடம் என்று பொருள். தமிழில் ஸ்தலம் என்றால் புண்ணிய ஸ்தலமும்தான். ஒரே கூடத்துக்குள் பதினாலு புண்ணிய ஸ்தலம். நாலு அடி நகர்ந்தால் அடுத்த ஊர்.

எங்க கோயிலில் ஆறாம் ஸ்தலம், அதாவது வெரோணிக்கா என்ற பெண் இயேசுவின் முகத்தைத் துணியால் துடைக்கும் காட்சி, சுவிட்ச் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும். பெரியப்பாதான் சிலுவைப்பாதை வாசிப்பார். ஆறாம் ஸ்தலம் வந்ததும் வாசித்துக்கொண்டே இடது கையால் ஃபேனைப் போடுவார். அதற்கு முன் போட மாட்டார். முதல் ஐந்து ஸ்தலம் வேர்வையில்தான். அவருக்கு எருசலேம் போக ஆசை இருந்தது. 2015-இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தச் சிலுவைப்பாதை எப்படி வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் கதை இது: எருசலேமில் இயேசு நடந்த பாதையில் யாத்ரீகர்கள் நடந்தார்கள். 1342 முதல் அங்குள்ள புனித இடங்களின் பொறுப்பில் இருக்கும் பிரான்சிஸ்கன் துறவிகள், அங்கே போக முடியாதவர்களுக்காக அதை மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1726-இல், அதாவது தேம்பாவணி முடிந்த அதே வருடம், எருசலேமில் நடப்பவருக்குக் கிடைக்கும் ஆன்மிகப் பலன் உள்ளூரில் நடக்கும் எல்லா விசுவாசிகளுக்கும் உண்டு என்று போப் பதின்மூன்றாம் பெனடிக்ட் விரிவாக்கினார். 1731-இல் பன்னிரண்டாம் கிளமென்ட் எல்லாக் கோயிலிலும் இதை நிறுவ அனுமதித்து, எண்ணிக்கை 14 என்று உறுதி செய்தார்.

எங்க துறை பாஷையில் சொன்னால் இது மிரர் சர்வர். அசல் சர்வர் எங்கோ தூரத்தில், போய்ச் சேர முடியவில்லை. உள்ளூரில் ஒரு நகல் வைத்துவிட்டால் எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பெரியம்மாவிடம் நான் சொல்ல நினைத்த வாதமும் இதுவே. மிரரில் எல்லாம் இருக்கும்போது அசலுக்கு ஏன் போகணும்?

அசலைத் திருத்திய நகல்

ஆனால் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது கதை இடித்தது.

1458-லும் 1462-லும் எருசலேம் போன வில்லியம் வே என்ற ஆங்கிலேயர் எழுதியதில் 14 இடங்கள் உண்டு. ஆனால் இன்றைய பதினாலோடு ஒத்துப்போவது ஐந்துதான். அந்தக் காலத்தில் யாத்ரீகர்கள் கல்வாரியில் ஆரம்பித்து பிலாத்துவின் மாளிகை நோக்கி, அதாவது தலைகீழாக, நடப்பதும் வழக்கமாக இருந்திருக்கிறது.

அப்படியென்றால் இன்றைய பட்டியல் எங்கே உருவானது? ஐரோப்பாவில். ஜெர்மனியிலும் நெதர்லாந்துப் பகுதியிலும் பக்தர்கள் தங்கள் ஊரில் கல்தூண் நட்டு, விழுந்த இடம், தாயைச் சந்தித்த இடம் என்று வைத்துக்கொண்டார்கள். பக்திப் புத்தகங்கள் அச்சாயின. டெல்ஃப்ட் நகரத்துக் குருவான அட்ரிகோமியஸ் மற்றவர்களின் பயணக் குறிப்புகளைத் தொகுத்து 1584-இல் எருசலேம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் 12 ஸ்தலங்கள். அவை இன்று நாம் சொல்லும் முதல் பன்னிரண்டோடு அப்படியே பொருந்துகின்றன. புத்தகம் பல மொழிகளில் பரவியது.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். இந்தப் புத்தகத்தையும் ஊர்ச் சிலுவைப்பாதையையும் மனசில் வைத்துக்கொண்டு எருசலேமுக்கு வந்தவர்கள், "ஏழாம் ஸ்தலம் எங்கே?" என்று கேட்டார்கள். நாளாவட்டத்தில் எருசலேமின் பாதை அவர்கள் எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி அமைந்தது. நகல் அசலைத் திருத்திவிட்டது! ஆறாம் ஸ்தலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெரோணிக்கா கதை பைபிளில் இல்லை. மூன்று முறை விழுந்ததும் (3, 7, 9) இல்லை. எருசலேமில் ஆறாம் ஸ்தலம் என்று காட்டப்படும் இடத்தைக் கிரேக்கக் கத்தோலிக்கர் வாங்கியது 1883-இல்.

பாதையே கேள்விக்குரியது. பிலாத்து தீர்ப்புச் சொன்ன இடம் நகரின் மறுகோடியில், இன்றைய யாப்பா வாசல் பக்கம் இருந்த ஏரோதின் அரண்மனை என்பதே இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. அது சரியென்றால் இயேசு நடந்தது இந்தத் தெருவிலேயே இல்லை.

பாதை முடியும் கல்லறைக் கோயிலின் கதையும் அப்படித்தான். 335-இல் அர்ப்பணிக்கப்பட்டது, 1009-இல் இடிக்கப்பட்டது, திரும்பக் கட்டப்பட்டது, 1149-இல் சிலுவைப் போர்க்காரர்கள் விரித்துக் கட்டினார்கள், 1808-இல் தீப்பிடித்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய கல்பலகை. இயேசுவின் உடலுக்குத் தைலம் பூசிய கல் என்று எல்லோரும் விழுந்து முத்தமிடுவார்கள். இப்போது இருக்கும் பலகை 1810 சீரமைப்பில் வைத்தது. தரங்கம்பாடியின் புது எருசலேம் ஆலயம் அதைவிட 92 வருடம் மூத்தது.

இதையெல்லாம் பெரியம்மா கிளம்புவதற்கு முன்பே படித்துவிட்டேன். சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை?

பெரியம்மா போன பாதை

தமிழ்நாடு அரசு 2011-இல் எருசலேம் பயணத்துக்கு மானியம் அறிவித்தது. ஆண்டுக்கு 500 பேர், ஆளுக்கு ரூ. 20,000. பின்னாளில் தொகை ரூ. 37,000 ஆனது, அருட்சகோதரிகளுக்கு ரூ. 60,000. எங்க பெரியம்மா பேர் அதில் வரவில்லை. முழுக்கச் சொந்தக் காசு. சென்னையிலிருந்து ஜோர்டானின் அம்மான், அங்கிருந்து பாலம் தாண்டி எருசலேம், பெத்லகேம், நாசரேத், கலிலேயா, கடைசியில் தாபா எல்லை வழியாக எகிப்து. தமிழ்நாட்டுக் குழுக்கள் பல இந்தச் சுற்றில்தான் போகின்றன. கைப்பையில் பெரியப்பாவின் பழைய சிலுவைப்பாதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு போனாங்க. அட்டை கிடையாது. பக்கமெல்லாம் மெழுகுக் கறை.

வந்ததும் சாயங்காலம் வீடு நிறைய ஆள். ஆலிவ் மரச் சிலுவை, யோர்தான் தண்ணி பாட்டில், 33 மெழுகுவர்த்தி சேர்ந்த கட்டு எல்லாம் விநியோகம் நடந்தது.

"யோர்தான் எம்புட்டுப் பெருசு பெரியம்மா?"

"நம்ம வாய்க்கா மாதிரிதான் இருக்கு. இந்தக் கரையில நாம, அந்தக் கரையில வேற நாட்டுப் போலீசு துப்பாக்கியோட நிக்கிறான். பேசுனா கேக்கும்."

சரியான பதில். கலிலேயா ஏரியிலிருந்து 1964-இல் தேசியக் குழாய்த் திட்டம் தொடங்கியது முதல், இஸ்ரேல், ஜோர்டான், சிரியா மூன்றும் அந்த ஆற்றையும் கிளைகளையும் எடுத்துக்கொண்டதில் பழைய நீரில் பத்தில் ஒரு பங்குகூட கீழே வருவதில்லை. வைகைக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யோர்தானும் கடல் சேராமல் சாக்கடலில் முடிகிற ஆறு. நம்ம வைகையும் ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்புவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பெத்லகேமுக்கும் எருசலேமுக்கும் தூரம் நிலக்கோட்டைக்கும் வத்தலக்குண்டுக்கும் உள்ள தூரம்கூட இல்லை என்றாங்க. நடுவில் பெரிய சுவர் இருப்பதையும், சோதனைச் சாவடியில் உள்ளூர்க்காரர் வரிசையில் நிற்க டூரிஸ்ட் பஸ் மட்டும் போனதையும் சொன்னாங்க. "நம்மள விட்டுட்டான், அந்த ஊர்க்காரன நிப்பாட்டிட்டான். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு." ஒலிவ மலையில் கர்மேல் சபைக் கன்னியர் மடத்துக் கோயிலில் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' செபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் சுவரில் பதித்திருக்கிறது. அதில் தமிழைத் தேடிக் கண்டுபிடித்துத் தடவிப் பார்த்துட்டு வந்தாங்க.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு கைக்குட்டையை எடுத்தாங்க. அந்தத் தைலக் கல்லில் துடைத்து எடுத்து வந்தது. பெரியப்பா படத்துக்குக் கீழே வைக்கப் போறாங்க. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன், "அந்தக் கல்லு 1810-ல வச்சது பெரியம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசலை. தப்புப் பண்ணிட்டேன் என்று நினைத்தேன்.

"இருக்கட்டும். இருநூறு வருசமா எத்தன பேரு அதுல அழுதுருப்பாங்க. அது போதாதா?"

அப்புறம் தானாகவே சொன்னாங்க: "அங்க தெருவெல்லாம் கடை, ஒரே சத்தம். துணி விக்கிறான், சூஸ் விக்கிறான். எனக்கு ஒண்ணுமே ஓடல. நம்ம நெனச்ச மாதிரி இல்லியேன்னு அழுகையா வந்துச்சு. ஆறாம் ஸ்தலத்துல நின்னு ஒங்க பெரியப்பா புத்தகத்த விரிச்சேன். டக்குனு நம்ம கோயில் சுவிச்சுப் பொட்டி ஞாபகம் வந்துருச்சு. அப்பறந்தான் அது எருசலேமாத் தெரிஞ்சுச்சு."

நான் நூலகத்திலும் இணையத்திலும் மாசக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்ததை அவங்க அந்தத் தெருவில் நின்று ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிச்சிட்டாங்க. அந்தக் கால யாத்ரீகர் ஊரிலிருந்து தங்கள் ஸ்தலங்களைச் சுமந்து போய் அந்தத் தெருவில் வைத்தது போலவே, நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருத்தர் ஒரு சுவிட்ச் பாக்ஸைச் சுமந்து போய் வைத்துவிட்டு வந்திருக்கார். மிரர் சர்வர் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மிரரில் தகவல் ஒரு பக்கம்தான் ஓடும். இது இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது.

அப்படியானால் போகாமலே இருந்திருக்கலாமா? அந்த அண்ணனின் கான்கிரீட் கணக்குக்கு என்னிடம் இப்போதும் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். அடுத்த வருடம் தவக்காலத்தின் நடுவில் கொரோனா வந்து கோயில்களை மூடினார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு போர் வந்து அந்த நாட்டுப் பயணமே முடங்கியது. தள்ளிப் போட்டிருந்தால் அவங்க போக முடியாமலே போயிருக்கலாம்.

முன்பக்கம் இன்னும் தகரக் கூரைதான். தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதையை இப்போது பெரியம்மாதான் வாசிக்கிறாங்க. ஆறாம் ஸ்தலத்தில்தான் ஃபேன்.